பழைய ஜெயிலில் ஒரு பெரட்டு

எங்கள் ஊரில் மைக் செட் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம், கோயில் திருவிழா, மீலாது விழா எதுவானாலும் இந்த நூர் அகமதுவின் குழாய் ஸ்பீக்கர் இல்லாமல் நடந்ததில்லை. ஒருவர் மேடையேறி வாயைத் திறந்த உடனேயே, ஆள் தேறுவாரா மாட்டாரா என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட என்னிடம் ஒரு பெண் வந்து, "பெஞ்சு மட்டும் கொடுங்க பாய், மைக் வேண்டாம்" என்றால் எப்படி இருக்கும்? எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அந்தப் பெண்தான் ஜூடித் டீச்சர். இப்போது அவரைப் பற்றி யாராவது அரைகுறையாகப் பேசினாலும் அதே அளவு கோபம் வருகிறது. ஆகவே நானே முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

ஊட்டியிலிருந்து பைக்காராவைத் தாண்டிக் கூடலூர் இறங்கும் வழியில் இருக்கிறது நடுவட்டம். எழுபதுகளில் சிலோனிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தோட்டத் தமிழர்களை அரசாங்கம் இங்கே தேயிலை நட்டுக் குடியேற்றிக்கொண்டிருந்தது. வாராவாரம் ஒரு லாரி வரும். தகரப் பெட்டி, சுருட்டிய பாய், சாமிப் படம், கம்பளியால் மூடிய குழந்தைகள். பஜாரில் இருந்த எங்களுக்கு அவர்கள் எல்லோருக்கும் ஒரே பெயர்தான்: சிலோன்காரங்க.

அப்படி வந்த லாரி ஒன்றில்தான் ஜூடித்தும் வந்தார். பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். அப்பா பேக்டரியில் கொழுந்து வாட்டுகிறவர். தோட்டப் பள்ளியில் ஐந்தாவதோடு எல்லோரும் நின்றுவிட, இவர் மட்டும் மலையிறங்கி டவுன் பள்ளிக்கு நடந்து போய்ப் படித்திருக்கிறார். கப்பலேறி ராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் கிடந்து, இங்கே வந்து சேர்ந்தால், அங்கே படித்த படிப்பு இங்கே செல்லாது என்றார்கள். வேறொருத்தியாக இருந்தால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பாள். இவர் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து எடுக்கப் போனார். எடுத்துக்கொண்டே மறுபடி பரீட்சை எழுதினார். கோயம்புத்தூரில் ஆசிரியர் பயிற்சி முடித்து, வேறு ஊர் கிடைத்தும் போகாமல், எங்கள் பள்ளிக்கூடத்துக்கே வாத்தியாராக வந்து நின்றார். நேற்று வரை கொழுந்துச் சாக்கு கட்டியிருந்த இடுப்பில் இன்றைக்குக் கஞ்சி போட்ட பருத்திச் சேலை. பஜார் முழுக்க எட்டிப் பார்த்தது.

என் மகள் ஆபிதா அப்போது எட்டாம் வகுப்பு. அவள் வாயால்தான் வகுப்பு நடப்பெல்லாம் எனக்குத் தெரியும். ஆபிதாவுக்கு வாய் ஓயாது. அந்த விஷயத்தில் அவள் என்னைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று அவள் அம்மா சொல்வாள். வகுப்பில் பஜார்ப் பிள்ளைகள் முன் பெஞ்சு, தோட்டத்துப் பிள்ளைகள் பின் பெஞ்சு. அவர்கள் ரொட்டியைப் பாண் என்பார்கள், வாசல் திண்ணையை இஸ்தோப்பு என்பார்கள். முன் பெஞ்சு சிரிக்கும். சிரிக்கச் சிரிக்கப் பின் பெஞ்சு வாயை மூடிக்கொண்டது. அவர்களிலும் வீரம்மா என்றொரு பெண் மோசம். ஆஜர் எடுக்கும்போதுகூட வாய் திறக்க மாட்டாள், கையை மட்டும் தூக்குவாள். சில வாத்தியார்கள் அவளை ஊமை என்றே நினைத்திருந்தார்கள்.

ஜூடித் டீச்சர் நாடகம் போட்டால் வாய் திறப்பார்கள் என்று நினைத்தார். வகுப்பிலேயே முயன்று பார்த்தார். முன் பெஞ்சு ராஜாவும் மந்திரியும் ஆனது. பின் பெஞ்சு மரமும் செடியும் ஆகி அசையாமல் நின்றது. அடுத்த சனிக்கிழமை எல்லோரையும் கூட்டிக்கொண்டு பழைய ஜெயிலுக்குப் போய்விட்டார்.

ஊருக்குக் கொஞ்சம் மேலே, மலேரியா மருந்துக்குப் பட்டை உரிக்கிற சிங்கோனாக் காட்டுக்குள் இருக்கிறது அந்த ஜெயில். வெள்ளைக்காரன் காலத்தில் சீனாக்காரக் கைதிகளைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து அடைத்து, சிங்கோனா நட வைத்தான் என்பது ஊரில் எல்லோரும் சொல்லும் கதை. கருங்கல் சுவர், சின்னச் சின்ன அறைகள், நடுவில் ஒரு முற்றம், கதவில்லாத பெரிய வாசல். ஆடு மேய்க்கிறவர்கள் மழைக்கு ஒதுங்குவதோடு சரி. தலைமை ஆசிரியர் தனசிங் சார் தலையில் அடித்துக்கொண்டார். அவர் நல்ல மனுஷர், ஆனால் காற்றடித்தாலும் மேலிடத்தில் என்ன சொல்வார்களோ என்று பயப்படுவார்.

அங்கே டீச்சர் நடத்திய பாடம் எனக்கு முதலில் விளங்கவே இல்லை. கையில் வசனம் கிடையாது. முதல் நாள் பேச்சே கிடையாதாம். சுவரைத் தொட்டுப் பார்க்கணும், அறைக்குள் படுத்துப் பார்க்கணும், காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று கேட்கணும். அடுத்த வாரம் ஆளுக்கொரு கேள்வியைச் சுவரிடம் கேட்கணும். இந்தக் குளிருக்கு எதைப் போர்த்தினீர்கள்? காலையில் உங்களை எப்படி எழுப்பினார்கள்? உங்கள் பெயர் என்ன? பெயர் யாருக்கும் தெரியவில்லை. "தெரியாத பேரை இட்டுக்கட்ட வேண்டாம். உங்க வீட்டுல ஒருத்தர் பேரை இரவல் வாங்கிக் கைதிக்கு வைங்க" என்றாராம் டீச்சர்.

"என் பேரை எடுத்துக்க வேண்டியதுதானே கண்ணு?" என்று ஆபிதாவிடம் கேட்டேன்.

"நான் கைதியில்லீங்க அத்தா, வார்டரு. வார்டருக்குப் பேரே வேண்டியதில்லீன்னு சொல்லிட்டாங்க."

எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அன்றைக்கு அவள் கொண்டுவந்த சேதி அதைவிடப் பெரியது. வீரம்மா பேசிவிட்டாள். இருட்டு அறை ஒன்றுக்குள் தனியாகப் போய் நின்றவள், யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்ற தைரியத்தில், சிலோன் தோட்டத்தில் ஆட்களை வேலைக்கு விரட்டும் கணக்கப்பிள்ளை மாதிரி கத்தியிருக்கிறாள்: "மூணாம் நம்பர் மலைக்கு ஆளுங்க எல்லாம் நட! பிந்தி வந்தவளுக்கு அரைப்பேரு!" கல் சுவரில் மோதி அந்தக் குரல் முற்றம் முழுக்க முழங்கியதாம். முன் பெஞ்சுப் பிள்ளைகள் வாயைப் பிளந்து நின்றார்களாம். பிறகு ஓடிப்போய், "இன்னொருக்கா சொல்லு, இன்னொருக்கா சொல்லு" என்று அவளைச் சுற்றிக்கொண்டார்களாம்.

அவள் கத்தியது என்னவென்று டீச்சர்தான் அவர்களுக்கு விளக்கியிருக்கிறார். அங்கே விடியும் முன்பே தப்பு மேளம் அடிப்பார்கள். அந்தக் கொட்டு கேட்டதும் லயம் என்கிற வரிசை வீடுகளிலிருந்து எல்லோரும் ஓடிவந்து வரிசையில் நிற்கவேண்டும், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அதற்குப் பெரட்டு என்று பெயர். நாள் முழுக்க வேலை செய்தவருக்குக் கணக்கில் முழுப்பேர் விழும். பாதியில் விட்டவருக்கு அரைப்பேர். முழுப்பேர் வாங்கியவர் அன்று லயத்துக்கு நிமிர்ந்து நடந்து போவார்.

கைதிகளை எழுப்பியதும் இப்படித்தான் இருக்கும் என்று பிள்ளைகளே முடிவு செய்தார்கள். மேளத்துக்கு ஓர் எண்ணெய் டின். அடிப்பது வீரம்மா. அவளுக்கு அந்தக் கொட்டு கைவந்தது, ஏனென்றால் அவள் அம்மா இன்றைக்கும் பிள்ளைகளைச் சட்டி மூடியில் அதே கொட்டுக் கொட்டித்தான் எழுப்புவாளாம். நாடகத்துக்கு ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார் டீச்சர். "பிழை வந்தா நிக்காதீங்க. அதையும் நாடகத்துக்குள்ள சேத்துக்கங்க."

ஜெயில் விஷயம் லயத்துக்கு எட்டியது. ஒரு நாள் சாயங்காலம் வீரம்மாவின் அம்மா இசக்கியம்மா, தோட்டத்து ஆட்களைத் திரட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டாள். ஊரைக் கூட்டி நடத்தப்போகும் நாடகத்துக்குப் பெஞ்சு எத்தனை வேண்டும் என்று கேட்க நானும் அங்கே போயிருந்தேன். இசக்கியம்மா பேசினால் எனக்குப் பிழைப்பு கிடையாது. மைக்கே வேண்டாத தொண்டை.

"ஏன் டீச்சர், நீங்களும் எங்காளுதானே? எங்க புள்ளைகள ஜெயிலுக்குள்ள கூட்டிட்டுப் போக ஒங்களுக்கு எப்பிடி மனசு வந்திச்சு?"

"அக்கா, அது நாடகம்தான்..."

"எனக்கு அது நாடகம் இல்ல." பின்னால் நின்ற தன் கணவர் பரமசிவனைக் காட்டினாள். மெலிந்த மனுஷர், தரையைப் பார்த்தபடி நின்றார். "இவரு தேயிலைச் செடிய கவ்வாத்து வெட்டிக்கிட்டு நின்னாரு. விசா முடிஞ்சிருச்சின்னு பொலிசு வந்து மலையிலயே புடிச்சிட்டுப் போனாங்க. கட்டுன சாரத்தோட. ஜெயில்ல வச்சிருந்து அப்பிடியே கப்பல்ல ஏத்திட்டாங்க. முப்பது வருசம் ஒரு நாளும் பிந்திப் போகாத மனுசன். கடைசி நாளு அவருக்கு விழுந்தது அரைப்பேரு. அதுக்குப் பொறவு இவரு வாயத் தொறந்து பேசுறதே இல்ல. இப்ப எம் புள்ளையும் ஜெயிலுக்குப் போகணுமா?"

தனசிங் சார் என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஜூடித் டீச்சர் வீரம்மாவைத் தன் பக்கம் இழுக்கவும் இல்லை, அவளுக்காகப் பேசவும் இல்லை. "அம்மா கேக்கிறாங்க, நீயே சொல்லு" என்றார்.

வீரம்மா அம்மாவைப் பார்த்தாள். "நான் நடிப்பேன்மா" என்றாள். பள்ளிக்கூடத்து வராந்தாவில், அத்தனை பேர் முன்னால், சத்தமாக.

இசக்கியம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு, "சரி, அவ போகட்டும். ஆனா நாங்க யாரும் அந்த ஜெயிலு வாசல மிதிக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். பின்னாலேயே எல்லோரும் போனார்கள்.

"டீச்சர், பெத்தவங்க வந்து பாக்காம ஜெயிலுக்குள்ள புள்ளைங்கள வச்சு நாடகம் போட்டேன்னு மேலிடத்துக்குப் போச்சுன்னா என் கதி என்ன?" என்றார் தனசிங் சார். "பள்ளிக்கூட ஹால்லயே அட்டையில கம்பி செஞ்சு நடத்திருங்க. இல்லை, ஜெயில்லதான்னா, அவங்க உள்ள வரணும். வரலைன்னா இனி பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே ஒரு அடி எடுத்துவைக்கக் கூடாது. வகுப்போட நிறுத்திக்கணும்."

"ஜெயில்லதான் சார். அவங்க வெளியே நின்னாலும் கேக்கும்" என்றார் டீச்சர்.

நான் சும்மா இருப்பேனா? "ஏனுங்க டீச்சர், ரெண்டு குழாயை வாசப்பக்கம் திருப்பிக் கட்டி உடறனுங்க. காசு வேண்டாமுங்க."

"வேண்டாம் பாய். புள்ளைங்க குரல்தான் அந்த வாசலைத் தாண்டணும்."

பிடிவாதக்காரி என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வீடு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் நாடகம். பனிமூட்டமாய் மஞ்சு இறங்கியிருந்தது. என் பெஞ்சுகளில் பஜார் ஆட்கள் கம்பளியோடு உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையைத் தோட்டத்து ஆட்களுக்கென்று டீச்சர் காலியாக விட்டிருந்தார். அவர்களும் வந்தார்கள். ஆனால் சொன்ன சொல் மாறாமல் வாசலுக்கு வெளியே ரோட்டில் நின்றுவிட்டார்கள். தனசிங் சார் காலி பெஞ்சையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். டீச்சர் வாசல் பக்கத்துச் சுவரில் சாய்ந்து நின்றார். போய் ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. முகம் வெளுத்திருந்தது. அவருக்கும் பயம்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கைதிகள் அறைகளுக்குள் சுருண்டு படுத்திருந்தார்கள். வீரம்மா முற்றத்துக்கு வந்து எண்ணெய் டின்னை இடுப்பில் அணைத்துக்கொண்டு அடிக்க ஆரம்பித்தாள். நான் எவ்வளவோ மேளம் கேட்டிருக்கிறேன். இது ஆட வைக்கிற கொட்டு இல்லை. எழுந்திரு, எழுந்திரு என்று முதுகில் குத்துகிற கொட்டு. கல் சுவர் அதை வாங்கி இரண்டாக்கித் திருப்பித் தந்தது.

வாசலில் ஏதோ அசைந்தது. திரும்பிப் பார்த்தேன்.

தோட்டத்து ஆட்கள் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். வேகவேகமாக, யாரையும் பார்க்காமல், கம்பளியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு. எல்லோருக்கும் முன்னால் இசக்கியம்மா. பெண்கள் இடது பக்கம் நின்றார்கள், ஆண்கள் வலது பக்கம். தோளோடு தோள் சேர்த்து, கோடு போட்டது போல வரிசை கட்டி, தலையை நிமிர்த்தி நின்றார்கள். யாரும் அழைக்கவில்லை. அந்தக் கொட்டுக்கு அவர்கள் கால்கள் அப்படித்தான் பழகியிருந்தன.

நின்ற பிறகுதான் அவர்களுக்கே உறைத்தது. இசக்கியம்மா சுற்றிலும் பார்த்தாள். சுவர், அறைகள், பெஞ்சில் நாங்கள். என் பெஞ்சிலிருந்து எவனோ ஒருத்தன் சிரித்துவிட்டான். நான் திரும்பி முறைத்த முறைப்பில் அவன் அடங்கினான், ஆனால் சிரிப்பு அவள் காதில் விழுந்துவிட்டது. முகம் கன்றிப்போய் அவள் வாசலைப் பார்த்துத் திரும்பினாள். அவள் போனால் எல்லோரும் போய்விடுவார்கள். எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

முற்றத்தில் என் மகள், இடுப்பில் பெல்ட்டும் தலையில் என் பழைய தொப்பியுமாக, வார்டர் நடை நடந்து வந்தாள். அடுத்து அவள் கைதிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவேண்டும். கூப்பிட்டாள்.

"பரமசிவன்!"

வீரம்மா இரவல் வாங்கியிருந்தது அப்பாவின் பெயரைத்தான். டின்னைக் கீழே வைத்துவிட்டு அவள் வாயைத் திறப்பதற்குள், ஆண்கள் வரிசையிலிருந்து பதில் வந்துவிட்டது.

"இருக்கேன் ஐயா!"

வராந்தாவில் தரையைப் பார்த்து நின்ற அதே பரமசிவன். கை இரண்டும் பக்கத்தில், நெஞ்சு நிமிர்ந்து. வாயிலிருந்து வந்த பிறகுதான் வந்தது தன் குரல் என்று அவருக்கே தெரிந்தது. அப்படியே விக்கித்து நின்றார். வாசல் பக்கம் ஓரடி வைத்த இசக்கியம்மாவும் நின்றுவிட்டாள்.

நாடகம் குழம்பிவிட்டது. தனசிங் சார் எழுந்தே விட்டார். நான் டீச்சரைப் பார்த்தேன். ஒரு கையைத் தூக்கினால் போதும், எல்லாவற்றையும் நிறுத்திச் சரிசெய்துவிடலாம். டீச்சர் கையைத் தூக்கவில்லை. பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிக்கொடுத்ததை அவர் நம்பினார் பாருங்கள், அதுதான் பெரிசு.

வீரம்மா வரிசைக்கு நடந்து போனாள். அப்பாவின் கையைப் பிடித்து வார்டர் முன்னால் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"ஐயா, இவரு வந்திட்டாரு. விடியக்காலையிலயே வந்திட்டாரு. இன்னிக்கு இவருக்கு முழுப்பேரு போடுங்க."

அவள் குரல் வாசலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, சிங்கோனாக் காடு வரைக்கும் போயிருக்கும். என் மகள் ஒரு நொடி அவளைப் பார்த்தாள். ஏதாவது உளறிவிடாதே கண்ணு என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஆபிதா தொப்பியைச் சரிசெய்துகொண்டு, முற்றம் அதிரும்படி சொன்னாள்.

"பரமசிவன்! முழுப்பேரு!"

வீரம்மா அப்பாவை முன்வரிசைப் பெஞ்சில் கொண்டுபோய் உட்கார வைத்தாள். அவர் தலைத்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். நானும் அழுதேன். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

பிறகு யாரும் சொல்லாமலே மற்ற பிள்ளைகளும் அறைகளிலிருந்து வந்தார்கள். ஆபிதா ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். அந்தப் பெயருக்குரியவர் வரிசையில் இருந்தால் அவரே பதில் சொன்னார், பேரப்பிள்ளையோ மகளோ கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கத்திலேயே மண்ணாகிப் போனவர்களுக்குப் பிள்ளைகள் பதில் சொன்னார்கள். பெயர் தெரியாத சீனாக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் அது. எல்லோருக்கும் முழுப்பேர். இரவல் போகாத பெயர்க்காரர்களும் சும்மா விடவில்லை. "ஏ புள்ள, இசக்கியம்மான்னு கூப்பிடு. நானும் வந்துதானே நிக்கிறேன்?" என்று அதட்டினாள் இசக்கியம்மா. கூப்பிட்டதும், "இருக்கேன்!" என்று அவள் போட்ட சத்தத்தில் முற்றமே சிரித்தது. இந்தத் தடவை அவளும் சேர்ந்து சிரித்தாள். முன்வரிசை நிரம்பிவிட்டது. இடம் போதாமல் என் ஆட்களை எழுப்பிவிட்டுப் பெஞ்சை இழுத்துப் போட்டேன்.

எழுந்து நின்ற தனசிங் சார் உட்காரவே இல்லை. "வருசா வருசம் நடத்தலாம் பாய், இல்லையா?" என்று என் காதைக் கடித்தார். ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி!

எல்லாப் பெயரும் கூப்பிட்டு முடிந்து, பிள்ளைகள் கும்பிடுவதற்கு வரிசையாக நின்றபோது, பரமசிவன் முகத்திலிருந்து துண்டை எடுத்தார். மனைவியின் பக்கம் சாய்ந்து, "டீச்சருக்குப் பேரு போட்டாச்சா?" என்று கேட்டார்.

ஆபிதா திருதிருவென்று விழித்தாள். டீச்சரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பிள்ளை எங்கள் ஊரில் கிடையாது. அப்போது இசக்கியம்மா எழுந்தாள். கம்பளியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வாசல் பக்கம் திரும்பி, அந்த மைக் வேண்டாத தொண்டையால் கூப்பிட்டாள்.

"ஜூடித்!"

சுவரில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து நின்றார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இசக்கியம்மா காத்திருந்தாள். நாங்களும் காத்திருந்தோம்.

"இருக்கேன்க்கா."

நான் கேட்டதிலேயே மிகச் சின்னக் குரல் அதுதான். கடைசிப் பெஞ்சு வரைக்கும் கேட்டது.

"முழுப்பேரு" என்றாள் இசக்கியம்மா.